மாமாவின் கல்லுக்கு ஒரு எக்ஸ்ரே

சென்ற வாரம் கலியாண வீட்டோடு நிறுத்தியிருந்தேன். கலியாணத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், ஒரு கல்லைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் விருந்தாளிக்குச் சோறு பரிமாறியதும் என் மாமனார் எழுந்து போவார். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, தைலம் தீர்ந்துபோன சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து வருவார். மூடியைத் திருகி உள்ளங்கையில் கவிழ்ப்பார். பயறளவில் ஒரு கல் விழும். வெளிறிய மஞ்சள் நிறம்.

"இது எனக்குள்ளால வந்தது" என்பார்.

இறால் பொரியலில் கை வைத்த விருந்தாளி கையை எடுத்துவிடுவார். மாமி தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார்.

அன்று வந்திருந்தவர் காசிம் நானா. காத்தான்குடியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மாமா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த காலந்தொட்டு இருவரும் சிநேகிதர்கள். அவர் மட்டும் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. இடது கையால் கல்லை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மினுங்குது" என்றார்.

"பின்ன? நம்மட உடம்பில ஊறின கல்லெல்லோ" என்றார் மாமா.

அதுவரை நான் அந்தக் கல்லை ஒழுங்காகப் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் யார் பார்ப்பார்கள்? அன்று பார்த்தேன். அது மினுங்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

கல்லுப் படிச்ச மருமகன்

எனக்குக் கல்லோடு என்ன தொடர்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறேன். ஆராய்ச்சிக்கு எடுத்தது பளிங்குகள். உப்பு, மணல், உலோகம் எல்லாவற்றுக்குள்ளும் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கி இருக்கும். அந்தத் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கணிப்பதுதான் என் வேலை. இதைச் செய்தே வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

கலியாணப் பேச்சுக்கால் கொண்டுவந்த தரகர் இதை "பொடியன் கல்லுப் படிச்சவர்" என்று சுருக்கிவிட்டார். மாமா மாணிக்கக் கல் என்று நினைத்தார். முதற் சந்திப்பிலேயே "இரத்தினபுரிப் பக்கம் ஆக்களைத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது, நான் பார்ப்பது பெரும்பாலும் வெள்ளைத் தூள் என்றேன். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் கேட்டதில்லை. வெள்ளைத் தூள் என்ற சொல்லை நான் தவிர்த்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். நான் தேற்றாத்தீவில் பிறந்தவன். ஆரையம்பதியில் என் மனைவி தர்ஷினியின் வீட்டுக்கு ஒரு சூட்கேசும் இரண்டு பெட்டிப் புத்தகமுமாக வந்து சேர்ந்தேன். பெண் வீட்டில் இருக்கும் மருமகனுக்கு மரியாதை நிறையக் கிடைக்கும். மீன் தலை கிடைக்கும். டிவி ரிமோட் கிடைக்காது.

ஒரே ஒரு முறை, பஸ்ஸில் களுவாஞ்சிக்குடிக்குப் போகும்போது, மாமா வாய் திறந்து கேட்டார்: "அப்படி என்னத்தத்தான் அளக்கிறீங்க மருமகன்?"

யன்னலுக்கு வெளியே ஒரு தென்னந்தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக நட்ட தோட்டம். "பாருங்க மாமா, இப்ப எல்லாம் கலஞ்ச மாதிரித் தெரியுது. கொஞ்சம் பொறுங்க. இந்தா, இப்ப வரிசை திறக்குது, கடைசி மரம் வரைக்கும் தெரியுது. சில கோணத்தில மட்டும்தான் அப்படித் திறக்கும். பளிங்குக்குள்ள அணுவும் அப்படித்தான். எக்ஸ் கதிரை அடிச்சா, சில கோணத்தில மட்டும் பலமாத் திரும்பி வரும். அந்தக் கோணத்தை வச்சு வரிசைக்கு வரிசை எவ்வளவு தூரம் எண்டு சொல்லிடலாம்."

மாமா தோட்டம் முடியும்வரை பார்த்தார். "தென்னைக்குத் தென்னை எவ்வளவு தூரம் எண்டு பாக்க ஒரு கட்டையும் கயிறும் போதுமே" என்றார்.

ஒரு மில்லிமீற்றரை ஒரு கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறுக்கு அங்ஸ்ட்ரோம் என்று பெயர், அணுத் தட்டுகளின் இடைவெளி அதில் இரண்டு மூன்றுதான், அதற்குக் கயிறு கிடைக்காது என்று நான் சொல்லத் தொடங்கியபோது அவர் நித்திரை.

செப்புக் குழாய்

கல்லின் கதை இதுதான்.

கலியாணம் முடிந்து சில மாதத்தில் மாமாவுக்கு இடது விலாவில் வலி வந்தது. டிப்போவில் ஊழியர்களை ஒரு பார்வையில் நடுங்க வைத்த மனிதர், விறாந்தையில் புழுவாய்ச் சுருண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்து, சிறுநீரகத்தில் கல் என்றார்கள். கிளினிக்குக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

கிளினிக் நாளுக்கு முன்பே யாரோ ஒருவர் வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு வைத்தியர் இருப்பதாகச் சொன்னார். வெட்டாமல் கொத்தாமல் கல்லை எடுப்பாராம். தர்ஷினிதான் தகப்பனோடு கூடப் போனாள்.

அவள் சொன்னது: வைத்தியர் மாமாவைக் குப்புறப் படுக்கவைத்தார். இடுப்பில் எண்ணெய் பூசினார். ஒரு செப்புக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சினார். பிறகு தண்ணீர் வைத்த சட்டியில் துப்பினார். டிங் என்று சத்தம் கேட்டது.

"வாயைத் திறந்து காட்டிட்டுத் தொடங்கச் சொல்லியிருக்கோணும்" என்றாள் தர்ஷினி. வீட்டுக்கு வந்து என்னிடம் தனியாகத்தான் சொன்னாள்.

வலி நின்றுவிட்டது. அதுதான் வில்லங்கம். கல் அசையும்போது வலிக்கும், அசையாமல் கிடந்தால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் என்று நான் மாமாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"உங்களுக்குக் கல்லு வந்திரிக்கா?"

"இல்ல மாமா."

"அப்ப?"

அந்த 'அப்ப'வுக்குப் பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிப்பிப்பதில்லை.

அதன் பிறகு மாமா வைத்தியரின் சம்பளமில்லாத ஏஜென்ட் ஆனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் நடந்தாலும் வெல்லாவெளிக்கு வழி சொல்வார். எங்கள் ஒழுங்கை முனையில் இடியப்பம் அவித்து விற்கும் பாக்கியமக்காவையும் அப்படித்தான் அனுப்பினார். அவருக்கும் சட்டியில் டிங் என்று விழுந்தது.

காசிம் நானா அன்று சாப்பிட வந்ததற்கும் காரணம் அதுதான். அவருக்கும் கல். டொக்டர் ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்திருந்தார்.

"வழிய மறிச்சிக்கிட்டு இரிக்காம். சிறுநீரகம் வீங்கிப் போச்சாம்" என்றார் காசிம் நானா. "உங்கட மாமா தங்கராசா செல்லுறாரு, ஆஸ்பத்திரி தேவையில்ல, வெல்லாவெளிக்குப் போவம் எண்டு. மருமகன் என்ன செல்லுறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீன் தலையும் பார்த்தது.

அலுமாரிக் கண்ணாடி

"மாமா, உடம்பில வாற கல்லு பொதுவா மெதுமையா இருக்கும். கண்ணாடியில கீறினா கீறு விழாது" என்றேன். இவ்வளவு பணிவாக நான் என் பேராசிரியரிடம்கூடப் பேசியதில்லை.

நான் சொல்லி வாய் மூடவில்லை. தர்ஷினி காசிம் நானாவின் கையிலிருந்து கல்லை எடுத்தாள், அலுமாரியின் கண்ணாடியில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

கிரீச்.

மாமி ஓடி வந்தார். கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. "இது என்ட சீதன அலுமாரியடி" என்று மாமி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். கோடு போகவில்லை.

மாமா கிட்டப் போய், விரலால் அந்தக் கீறலைத் தடவினார். முகத்தில் பெருமை.

"பாத்தீங்களா" என்றார், "என்ன பலம்."

காசிம் நானா சிரிக்கவில்லை. தன் விலாவில் கையை வைத்துக்கொண்டிருந்தார். "மருமகன், இது என்ன கல்லு எண்டு சரியாப் பாக்க ஏலுமா?"

"ஏலும் நானா. ஆனா அரைச்சுத் தூளாக்கோணும்."

மாமா போத்தலுக்குள் கல்லைப் போட்டு மூடியைத் திருகினார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் சிநேகிதன் பார்த்துக்கொண்டிருந்தாரே. போத்தலை என் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கொண்டு போங்க. முழுசா அரைங்க. எனக்கென்ன பயம்?"

ஆய்வுகூடத்தில் கல்லை இரண்டு கடதாசிக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் உடைத்து, பிறகு சிறு உரலில் அரைத்தேன். சிறுநீரகக் கல் என்றால் உலர்ந்த மண்கட்டிபோல் பொடியும். இது பொடிய மறுத்தது. தோள்மூட்டு கழன்றது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் மாமாவிடம் போய் "என்ட தோள் நோகுது, ஆனபடியால் உங்கட கல்லு பொய்" என்று சொல்ல முடியுமா?

"ஒப்பிட்டுப் பாக்க வேற ஒண்டும் வேணுமெல்லா?" என்று தர்ஷினி கேட்டாள். ஆரையம்பதிக் கடற்கரையில் ஒரு பிடி மணல் அள்ளிக் கழுவிக் காயவைத்துத் தந்தாள். அதையும் அரைத்தேன். இரண்டு பொட்டலம்.

கதிர் அடிக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் நண்பனுக்கு அனுப்பினேன். தூள் என்ன பொருள் என்று கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருளும் அவனிடம் இருந்தது, ஆனால் அதன் உரிமக் காலம் முடிந்து பூட்டிக்கொண்டதாம். வரைபடத்தையும் கோணங்களையும் மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பினான். "மிச்சத்த நீயே கணக்குப் பார் மச்சான், அதுக்குத்தானே படிச்சனீ" என்று ஒரு வரியும் எழுதியிருந்தான்.

அது வந்து சேர்ந்தது, காசிம் நானா வார்ட்டில் அனுமதியாக வேண்டிய நாளுக்கு முந்தின பின்னேரம்.

மாமா அமத்துகிறார்

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மாமா, காசிம் நானா, தர்ஷினி, நான். மாமி தேத்தண்ணி வைத்துவிட்டு அலுமாரிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கணக்குப் பார்க்குமுன் ஒரு கடதாசியில் எழுதி நடுவில் வைத்தேன். உடம்பில் அதிகம் வரும் கல்லென்றால் கதிர் பலமாகத் திரும்புகிற கோடுகள் 5.93 அங்ஸ்ட்ரோமிலும் 3.65இலும் வரும். கடற்கரை மணல் என்றால் 3.34. பிறகு மாற்றி எழுதினேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

"கணக்கு லேசு" என்றேன். "இயந்திரம் ஒரு கோணம் தருது. அதைப் பாதியாக்கோணும். அதுக்கு சைன் எடுத்து, ரெண்டால பெருக்கி, அதால ஒண்டு தசம் அஞ்சு நாலைப் பிரிக்கோணும். அது நாங்க அடிச்ச கதிரின்ட அலைநீளம். வாற விடைதான் தட்டுக்குத் தட்டு தூரம்."

நான் கல்குலேட்டரை எடுத்தேன். மாமா என் கையைத் தள்ளினார்.

"நீங்க அமத்த வேணாம். நான் அமத்துறன்."

கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய போனை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினார். சைன் பொத்தான்கள் தோன்றின. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கல்லின் மிகப் பலமான கோடு 26.64 பாகையில். பாதி 13.32. மாமா ஒவ்வோர் எண்ணாகச் சொல்லிச் சொல்லி அமத்தினார். டிப்போவில் பஸ் இலக்கம் கூப்பிடுகிற அதே குரல்.

"ஒண்டு தசம் ஒண்டு ரெண்டு அஞ்சு" என்றார்.

காசிம் நானா கடதாசியைப் பார்த்தார். "இதில அது இல்லையே."

"மற்ற வரியப் பாரு."

"அதிலயும் இல்ல."

மாமா கதிரையில் சாய்ந்தார். "அப்ப மனிசன்ட கல்லுமில்ல, மண்ணுமில்ல. வேற ஏதோ சாமான். அந்த வைத்தியர் சும்மா ஆளில்ல காசிம்."

கோணத்தைச் சரிபார்த்தேன். பாதியாக்கியதைச் சரிபார்த்தேன். மாமா அமத்தியதும் சரி, என் கண்ணாலேயே பார்த்தேன். இத்தனை வருடப் படிப்பு ஒரு தைலப் போத்தலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

தர்ஷினி போனை வாங்கிப் பார்த்தாள். "இந்த மூலையில ராட் எண்டு கிடக்கே, அது என்ன?"

ரேடியன். கோணத்தை அளக்க இன்னொரு முறை. போன் பதின்மூன்றைப் பாகை என்று எடுக்கவில்லை, ரேடியன் என்று எடுத்திருக்கிறது. முதலாம் வருட மாணவர்கள் இதைச் செய்யும்போது நான் எவ்வளவு எகத்தாளம் பேசியிருக்கிறேன்.

மாமாவுக்கு எப்படி விளக்குவது என்று நான் யோசிக்க, காசிம் நானா முந்திக்கொண்டார். "விளங்குது. இஞ்ச் கணக்கில செல்லி அனுப்பின கம்பிய சென்ரிமீற்றரில வெட்டின மாதிரி. என்ட கடையில எத்தின தரம் நடந்திரிக்கு."

தர்ஷினி அதை மாற்றிக் கொடுத்தாள். மாமா மறுபடி அமத்தினார். இம்முறை சத்தமில்லாமல்.

பிறகு போனைக் காசிம் நானா பக்கம் திருப்பி வைத்தார். 3.342.

"மற்றக் கோட்டையும் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

சொன்னேன். 4.25 வந்தது. அடுத்தது 1.817. மற்றப் பொட்டலம் என்ன என்று கேட்டார். கடற்கரை மண் என்றேன்.

"எந்தக் கடற்கரை?"

"நம்மடதான் மாமா."

அதையும் ஒவ்வொன்றாக அமத்தினார். 3.342. 4.25. 1.817. ஏதாவது ஒரு கோடு மாறி வராதா என்று தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. நண்பன் அனுப்பிய கடைசிக் கோடு வரைக்கும் அவர் நிறுத்தவில்லை.

முடிந்ததும் வரைபடத்தில் பதினைந்து பாகைப் பக்கம் விரலை வைத்தார். அந்த இடம் வெறும் தட்டை. "இதில ஒண்டுமில்லையா?"

"இல்ல மாமா. உடம்புக் கல்லெண்டா அதிலதான் பெரிய கோடு வரோணும்."

விரலை எடுக்கவில்லை.

காசிம் நானாதான் கேட்டார். "அப்ப நாளைக்கு நான் எங்க போற, தங்கராசா?"

நான் வாய் திறந்தேன். மேசைக்குக் கீழே தர்ஷினி என் காலை மிதித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றார் மாமா. "நானும் வாறன்."

"துணைக்கா?"

"துணைக்கென்ன. எனக்குள்ளயும் அது அப்படியே கிடக்கு."

ஏறாதீங்க

காசிம் நானாவின் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. மாமாவின் கல், ஸ்கானில் பார்த்தால், வெல்லாவெளிக்குப் போய் வந்த பிறகு நன்றாக வளர்ந்திருந்தது. அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். துண்டுகள் பிறகு சில நாட்களாக வெளியே வந்தன. பழுப்பு நிறத்தில், விரலால் நசித்தாலே பொடிகிற சாமான் என்று சொன்னார்.

"ஒரு துண்டு வச்சிருக்கலாமே மாமா, மெசினுக்கு அனுப்பியிருப்பன்."

"உங்களுக்கு வெக்கமில்லையா?" என்று கேட்டார். அலுமாரியில் கல்லைக் காட்சிக்கு வைத்த மனிதர்.

உடம்பு தேறியதும் தனியாக வெல்லாவெளிக்குப் போய் வந்தார். சண்டை பிடிக்கப் போனார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். திரும்பி வந்து சேட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: "வீட்டில நம்பிக்கையில்லாத ஆள் இருந்தா, எடுத்த கல்லு மண்ணா மாறுமாம்."

சொல்லும்போது என்னைப் பார்த்தார். வைத்தியர் சொன்னதை முழுக்க நம்பாத பார்வை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு செய்ததுதான் நான் எதிர்பாராதது. தான் வழி சொல்லி அனுப்பிய ஆட்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. கேற்றடியில் நின்று ஒரு டைம்கீப்பர் சொல்வதுபோல் சொல்வார்: "அந்த பஸ் இல்ல. ஏறாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கான் எடுங்க."

சந்தையில் அவரை 'மண்ணுத் தங்கராசா' என்றார்கள். அவருக்குக் கேட்கத்தக்கதாகத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மீனை மாமியிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தார் ஒரு நாள். மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போனார்.

பாக்கியமக்கா மட்டும் அசையவில்லை. வலி திரும்ப வந்திருந்தது. இடியப்பத் தட்டைத் தூக்கும்போதே முகம் சுளித்தது தெரிந்தது. ஆனாலும், "உங்கட மருமகன்ட மெசின் பிழைச்சிரிக்கும் தங்கராசண்ணன்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் முறை மாமா ஓட்டோ ஒன்றைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தினார். நானும் பின்னால் நின்றேன். தேவைப்பட்டால் கணக்கை விளக்கலாம் என்று அந்தக் கடதாசியும் கையில் இருந்தது.

"என்னகா, வாறயா இல்லையா?" என்றார் மாமா. "நான் பட்டது போதாதா?"

பாக்கியமக்கா அடுப்பை அணைத்தார். சேலையைச் சரிப்படுத்தினார். ஓட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாறன். இவர் வரப்படாது. இவர் வந்தா எனக்குள்ள கிடக்கிறதும் வேற ஏதாவதா மாறிடும்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மேசையில் உட்கார்ந்து அத்தனை கோட்டையும் தன் கையாலேயே அமத்திப் பார்த்த மனிதர்.

"நீங்க நில்லுங்க மருமகன்" என்றார்.

ஓட்டோ போய்விட்டது. நான் இடியப்பத் தட்டுகளுக்குக் காவல் இருந்தேன்.

மத்தியானம் தாண்டித் திரும்பி வந்தார்கள். கல் இருக்கிறது, ஆனால் சின்னது, தண்ணீர் நிறையக் குடித்தால் தானாகவே போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். போயும் விட்டது.

நான் கூடப் போகாதபடியால்தான் கல் சின்னதாக இருந்தது என்று பாக்கியமக்கா இன்றைக்கும் இடியப்பம் வாங்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். மறுத்ததாகத் தெரியவில்லை.